நடுப்பந்து

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பை மடியில இருந்தாப் போதும். கண்டக்டர் மேல வைக்கச் சொன்னார்தான், நான் மாட்டேன்னுட்டேன். மேல வெச்சா யாராவது வெங்காய மூட்டையைத் தூக்கி அது மேல போட்டுருவாங்க. உள்ள இருக்கறது மட்டைங்க.

பாக்கணுமா? தாராளமாப் பாருங்க. சிரிங்க, தப்பில்லை. இது வீட்டுக்கு வந்த அன்னைக்கு எங்க வீட்டம்மா சாந்தாமணி கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏனுங்க, இவ்வளவு பெரிய ஜல்லிக்கரண்டில யார் வீட்டு விசேசத்துக்குப் பூரி சுடப் போறீங்க?"ன்னு கேட்டா. ஓட்டை ஓட்டையா இருக்குதில்லீங்களா, அதான். நரம்பு கட்டின மட்டை இல்லை இது.

பேடல்னு பேருங்க இந்த ஆட்டத்துக்கு. சுத்தியும் கண்ணாடியும் கம்பி வலையும் அடைச்ச கூண்டு. நடுவுல ஒரு நெட்டு. இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர். பந்து தரையில ஒரு குத்து குத்திட்டுப் பின்னாடி கண்ணாடியில மோதித் திரும்பி வந்தாலும் உசிர் போகலை, எடுத்து அடிக்கலாம். வெளியில நின்னு பாத்தா மீன்தொட்டிக்குள்ள நாலு கெண்டை முட்டிக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கும். உள்ள போயிட்டா அப்படி இல்லை. உள்ள போயிட்டா மானப் பிரச்சினை.

எனக்கு அறுபத்திரண்டு ஆகுது. பேர் நாச்சிமுத்து. காங்கேயத்துல கொப்பரைக் களம். படிப்பு அஞ்சாங் கிளாஸ், அதுவும் வாத்தியார் பெரிய மனசு பண்ணினதால. ஆனா காது இருக்கு பாருங்க, அதை எங்கயும் போய்ப் படிச்சு வாங்கலை. தேங்காயை ரெண்டு விரலால சுண்டினாப் போதும். முத்தலா இளசா, பருப்பு என்ன கனம், தண்ணி எவ்வளவு, அத்தனையும் சொல்லிருவேன். லாரியில இருந்து லோடு இறக்கும்போது காய் மேல காய் விழற சத்தத்துலயே அழுகினதை எடுத்து ஓரமாப் போட்டவன். இந்தச் சுத்துப்பட்டுல என் காதை ஏமாத்தினவங்க யாருமில்லை.

இப்ப போறது சூலூருக்கு. அங்க ஓடாம நின்னுபோன ஸ்பின்னிங் மில் ஒண்ணோட குடோன்ல நாலு கோர்ட்டுப் போட்டிருக்காங்க. இன்னைக்கு டோர்னமெண்ட். நானும் எங்க சம்பந்தியும் ஜோடி. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ஜோடி. நடுவுல எங்களைப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. புருசன் பொண்டாட்டியைப் பிரிக்கறதுக்குக்கூட நோட்டீசு, வாய்தான்னு ரெண்டு வருசம் இழுப்பாங்க. எங்களை ஒரு செல்போன் ஒரே நாள்ல பிரிச்சுதுங்க. அதைக் கேளுங்க, நல்ல கதை.

சம்பந்தி பேரு சென்னியப்பன். சோமனூர்க்காரர். முப்பது வருசம் தறி ஓட்டினவர், இப்பவும் பன்னெண்டு தறி இருக்கு. அவர் மகள் தாரணியைத்தான் எங்க கோகுலுக்குக் கட்டினோம். புள்ளைங்க ரெண்டும் கோயமுத்தூர்ல வேலை பாத்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமையானா சூலூருக்கு வந்து இந்த ஆட்டம் ஆடிட்டிருந்துதுங்க. ஒரு வருசத்துக்குச் சேந்தாப்புல பேர் பதிஞ்சு வெச்சிட்டு, துபாய்ல வேலை கிடைச்சுதுன்னு கிளம்பிருச்சுங்க. போகும்போது மருமகள் சொல்லுது, "மாமா, நீங்களும் அப்பாவும் போய் ஆடுங்க. ரெண்டு பேருக்கும் சக்கரை. நடக்கச் சொன்னா நடக்க மாட்டீங்க, பந்துக்குப் பின்னாடியாவது ஓடுங்க"ன்னு.

போனோம். போயிட்டுத்தான் தெரிஞ்சுது, உலகத்துல யார்கூட வேணா ஜோடி சேந்து ஆடலாம், சம்பந்திகூட ஆடறது மட்டும் தனி வித்தைன்னு. கூட்டாளின்னா, பந்தை விட்டா "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு"ன்னு கேக்கலாம். தம்பின்னா மட்டையாலயே ஒண்ணு போடலாம். சம்பந்தியை என்ன பண்றது? கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டுட்டு நிப்பார். "பரவாயில்லீங்க சம்பந்தி, காத்து கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு சொல்லணும். குடோனுக்குள்ள ஏதுங்க காத்து?

அவரும் அப்படித்தான். நான் அடிச்ச பந்து மோதி மேல கூரைத் தகரம் ஆடிட்டு இருக்கும், "நல்ல வேகம்ங்க சம்பந்தி"ம்பார்.

சரி, விசயத்துக்கு வர்றேன். அங்க சும்மா போய் ஆடிட முடியாதுங்க. ஆளுக்கு ஒரு எண் கொடுப்பாங்க. ஒண்ணுல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும். ஒண்ணுன்னா இப்பத்தான் மட்டை புடிக்கறவன். ஏழுன்னா டிவியில வர்றவன். நடுவுல கால், அரை, முக்கால்னு ஏறும். நம்ம கொப்பரைக்குத் தரம் போடற மாதிரின்னு வெச்சுக்குங்க, என்ன, கொப்பரை போய்த் தன் தரத்தைத் தானே சொல்லிக்காது. இங்க மொதல் எண்ணை நாமளேதான் சொல்லணும். ஷைனி மேடம்னு ஒரு பாலக்காட்டுப் பொண்ணு, அதுதான் அங்க எல்லாத்தையும் பாத்துக்குது. செல்போன்ல ஒவ்வொரு கேள்வியாக் கேட்டு நம்ம பதிலை அமுத்தும். அமுத்தி முடிச்சா எண் வந்து விழும்.

கண்ணாடியில பட்டுத் திரும்பற பந்தை எடுப்பீங்களா அங்கிள்னு கேட்டுது. எடுக்காம என்னம்மான்னேன். அதுவரைக்கும் நான் கண்ணாடிப் பக்கமே போனதில்லை, அது வேற. நெட்டுக்குப் பக்கத்துல நின்னு அடிப்பீங்களா? அடிப்பேன். தலைக்கு மேல தூக்கிப் போட்டா? அதையும் அடிப்பேன். ரெண்டுன்னு வந்துது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மூணாச்சும் வரும்னு பாத்தேன்.

சம்பந்தி அதுவரைக்கும் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்துட்டே இருந்தார். எனக்கு ரெண்டு வந்ததைப் பாத்துட்டு அவர் உக்காந்தார் பாருங்க, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில். தெரியாதுங்க. வராதுங்க. பழக்கமில்லைங்க. ஒண்ணுன்னு வந்துது. கும்பிட்டு எந்திரிச்சார்.

அது ஒண்ணுமில்லை, மரியாதைங்க. எங்க பக்கம் பொண்ணைக் கொடுத்தவங்க ஒரு படி இறங்கித்தான் நிப்பாங்க. பந்தியில மொதல்ல உக்கார மாட்டாங்க, கார்ல முன்சீட்டுல ஏற மாட்டாங்க. இந்தக் காலத்துல எதுக்கு அதெல்லாம்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். முன்சீட்டுல உக்காந்துக்கிட்டே சொல்லியிருக்கேன். அவர் கேக்கறதில்லை.

இந்த எண்ணை வெச்சுத்தான் டோர்னமெண்ட்ல யார் எந்தப் பிரிவுல ஆடறதுங்கறது. ரெண்டுக்குக் கீழ இருந்தா டி பிரிவு. ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் சி. மூணைத் தாண்டினா பி. ஏ பிரிவுப் பக்கம் நாம போக வேண்டியதில்லை, அங்கெல்லாம் தண்ணியே வேற பாட்டில்ல குடிக்கறாங்க. ஜோடியில யார் எண் பெருசோ, அவர் பிரிவுலதான் ரெண்டு பேரும் ஆடணும். இன்னொண்ணு, இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க, ஜோடிக்குள்ள ரெண்டு பேர் எண்ணுக்கும் நடுவுல ஒண்ணுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தா அந்த ஜோடியைச் சேத்துக்கவே மாட்டாங்க. ஜெயிச்சா எண் ஏறும், தோத்தா இறங்கும். இதுபோக ராங்க்னு ஒண்ணு இருக்கு. அது வருசம் பூரா வாங்கின பாயிண்டைக் கூட்டி வரிசையாப் பேர் போடறது. ஒரு கட்டத்துல நான் நாப்பத்தாறு பேர்ல நாப்பத்தொண்ணாவது. எனக்குக் கீழ அஞ்சு பேர் இருந்தாங்க. அதுல ரெண்டு பேருக்குக் கால் முறிஞ்சு வீட்டுல இருந்தாங்கன்னு சாந்தாமணி எங்கயோ விசாரிச்சுட்டு வந்து சொன்னா.

மொத டோர்னமெண்ட் சி பிரிவு, எனக்கு ரெண்டுங்கறதால. ஆடின மூணுலயும் தோத்தோம். எப்படித் தோத்தோம்னு கேளுங்க. எதிராளி வெவரமானவனுங்க. நேரா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அடிச்சானுங்க. நடுவுல வர்ற பந்து இருக்கு பாருங்க, அது அவருக்கும் சொந்தம், எனக்கும் சொந்தம். நான் "நீங்க எடுங்க சம்பந்தி"ம்பேன். அவர் "அட, நீங்க எடுங்க"ம்பார். "இல்லீங்க, உங்க கைக்குத்தான் வாகு"ம்பேன். அதுக்குள்ள பந்து ரெண்டு பேருக்கும் நடுவுல மரியாதையா நடந்து போயி கண்ணாடியில மோதிச் செத்துக் கிடக்கும். ரெண்டு பேரும் அதைப் பாத்துட்டு நிப்போம். கடைசி வடையைத் தட்டுல வெச்சுக்கிட்டு ரெண்டு சம்பந்தியும் உக்காந்திருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

என் எண் ஒண்ணரைக்கு இறங்கிருச்சு. அவருக்கு ஒண்ணுக்குக் கீழ எண்ணே இல்லாததால அங்கயே நின்னார்.

அப்புறம் நான்தான் ஒரு யோசனை பண்ணினேன். ஏனுங்க சம்பந்தி, நடுப்பந்து வந்தா நான் "எடுங்க"ன்னு ஒரு சத்தம் கொடுக்கறேன், நீங்க அடிச்சிருங்க, மறுபேச்சே வேண்டாம்னேன். அவரும் தலையாட்டினார். அன்னையில இருந்து பாருங்க, ஆட்டமே மாறிப்போச்சு. மூளை என்னுது, கை அவருது. முப்பது வருசம் தறிக்கு நடுவுல பக்கவாட்டுல நடந்து நடந்து அவருக்குக் கால் அப்படிப் பழகிருச்சு, நண்டாட்டம் போவார். மணிக்கட்டு தறியில நாடா ஓடற மாதிரி. தறிச் சத்தத்துல காதுதான் கொஞ்சம் மந்தம், அதனால நான் நல்லாக் கத்திச் சொல்லணும். சில நேரம் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அடிச்சுருவார். அவ்வளவு தூரம் என் மனசைப் புரிஞ்சு வெச்சிருந்தார்.

போகப் போக, நடுவுல வர்றது மட்டுமில்லாம என் பக்கம் வர்றதுக்கும் "எடுங்க"ன்னுட்டேன். யோசனை நல்லா வேலை செய்யும்போது எதுக்குக் கஞ்சத்தனம்?

ஒரே மாசத்துல டி பிரிவுக் கோப்பை வாங்கினோம். வாங்கும்போது ஷைனி மேடம் கோப்பையை நீட்டிக்கிட்டு நிக்குது, நீங்க வாங்குங்க நீங்க வாங்குங்கன்னு நாங்க நிக்கறோம். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திட்டிருந்தவங்க கை தட்டினாங்க, சீக்கிரம் இறங்கட்டும்னு. கோப்பை எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல இருக்கறதுதான் முறைன்னு அவரே கொண்டாந்து வெச்சுட்டுப் போனார். எனக்கு ரெண்டு ஆச்சு. அவருக்கு ஒண்ணரை.

அங்கதாங்க வந்துது வினை.

ஆவணியில அடுத்த டோர்னமெண்ட். அதே ஞாயித்துக்கிழமை எங்க மச்சினன் பேத்திக்குக் காது குத்து, பழனியில. நான் போய்த்தான் ஆகணும். சம்பந்தி, நான் இல்லைன்னா வேண்டாம்னுதான் இருந்தார். பல் டாக்டர் ஜெரால்டுன்னு ஒருத்தர், ஜோடி வராம நின்னுட்டிருந்தவர், கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டார். சி பிரிவு. ஆடின அஞ்சும் ஜெயிச்சாங்க. மொட்டையடிச்சுச் சந்தனம் பூசிக்கிட்டு நான் பஞ்சாமிர்தம் வாங்க நிக்கறேன், போன் வருது. "தப்பு நடந்துபோச்சுங்க சம்பந்தி, கோப்பை வாங்கிட்டேன்"ங்கறார். குரல் அப்படியே இறங்கிக் கிடக்குது.

சந்தோசம்ங்கன்னேன். நிஜமாவே சந்தோசம்தான். எல்லாம் நம்ம பழக்கி விட்டதுதானே.

ஆனா ரெண்டு நாள் கழிச்சு ஷைனி மேடம் கூப்புட்டுது. கமிட்டி உக்காந்து பேசிச்சாம். சென்னியப்பன் அங்கிள் எண் ஒண்ணரைங்கறது பொய்யான எண், ஆட்டத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, இப்படிக் கீழ நின்னுக்கிட்டுக் கோப்பையைத் தூக்கினா மத்தவங்க சண்டைக்கு வர்றாங்கன்னு, கையாலயே அவரை மூணேகாலுக்குத் தூக்கி வெச்சுட்டாங்களாம். நான் ரெண்டு. மூணேகாலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணேகால். "இனி நீங்க ரெண்டு பேரும் ஜோடி ஆக முடியாது அங்கிள், ஆப் ஒத்துக்காது"ன்னுது.

என் எண்ணையும் கையால தூக்கி வைம்மான்னேன். இருங்க பாக்கறேன்னுது. அப்புறம், "உங்க எண் சரியாத்தான் இருக்குது அங்கிள்"ன்னுது. சின்னப் பொண்ணு, அதுக்கு அந்த அதிகாரம் இல்லை போலிருக்கு.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கலைங்க. சாந்தாமணி பாத்துட்டே இருந்தா. "பையன் கல்யாணத்துல மாப்பிள்ளை மோதிரம் ஒரு பவுன் குறைஞ்சப்பகூட நீங்க மூஞ்சிய இப்படி வெச்சுக்கலையே"ன்னா. உனக்கு என்னடி தெரியும், எண்ணுல பொண்ணு வீட்டுக்காரர் மேல போயிட்டாரேன்னு எனக்கு வருத்தமில்லை, ஆட்டம் போச்சேன்னுதான்னேன். "உங்களுக்கு ஆட்டம் போச்சுன்னு இல்லை, ஆள் போச்சுன்னு வருத்தம்"ன்னுட்டு ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா. அவளுக்கு இந்த விதிமுறையெல்லாம் புரியாதுங்க.

இது பல்லடம்தானே? ஆமா. இன்னும் நேரமிருக்கு.

அப்புறம் நானும் வேற ஜோடி தேடினேன். ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். ரெண்டு ஆட்டம் ஆடினோம், அவருக்குத் திடீர்னு பரீட்சைப் பேப்பர் திருத்தற வேலை வந்துருச்சு. மே மாசப் பேப்பரை அக்டோபர்ல திருத்தறார், பாவம், என்ன வேலையோ. அடுத்தவர் மருந்துக் கடைக்காரர். நடுப்பந்து வந்துது, "எடுங்க"ன்னேன். "நீங்க சொல்ல வேண்டாம், சும்மா நகருங்க போதும்"னார். மரியாதை தெரியாத ஆளுகூட எனக்கு ஆகாது, நானே விட்டுட்டேன். மூணாவது ஆள் ஒரு ஆட்டத்துலயே ஊரை விட்டுப் போயிட்டார், பெங்களூர்னு சொன்னாங்க. இத்தனை பேர்கூடவும் தோத்து என் எண் ஒண்ணேமுக்காலுக்கு வந்துது. ஜோடி சரியில்லைன்னா அப்படித்தான்.

ஐப்பசியில ஒரு நாள் சம்பந்தி களத்துக்கு வந்தார். கையில ஒரு பை வெண்டைக்காய். கட்டில்ல உக்காந்தார். மழை பத்திப் பேசினோம், நூல் விலை பத்திப் பேசினோம், துபாய்ப் புள்ளைங்க பத்திப் பேசினோம். ஆட்டத்தைப் பத்தி ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. பி பிரிவுல அவரை எல்லாரும் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியும். கேக்கறது நாகரிகமில்லை. டீயைக் குடிச்சு டம்ளரைக் கீழ வெச்சவர் மெதுவாக் கேட்டார்.

"இப்ப உங்க எண் எவ்வளவுங்க சம்பந்தி?"

"ஒண்ணேமுக்கால்ங்க."

கொஞ்ச நேரம் விரல் கணுவுல கட்டை விரலை வெச்சு என்னமோ எண்ணினார். தறிக்காரர், எப்பவும் அப்படித்தான், எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பார். அப்புறம் என் முழங்காலைப் பாத்தார்.

"மழைக்காலம்ங்க. ஒரு மாசத்துக்கு நீங்க ஆட வேண்டாம். முட்டி முக்கியம். யார் கூப்புட்டாலும் போகாதீங்க."

என் முட்டிக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் சம்பந்தி அக்கறையாச் சொல்றார், சரின்னேன்.

அதுக்கு அடுத்த வாரம் அவருக்குப் பி பிரிவுல ஆட்டம், அதே பல் டாக்டர்கூட. பாத்துட்டு வரலாம்னு போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன். என்ன சொல்றதுங்க, மனசே ஆறலை. மனுசனுக்கு ஆட்டமே வரலை. நெட்டுக்கு முன்னால நிக்கறார், பஞ்சு மாதிரி பந்து வருது, நேரா நெட்டுல கொண்டு போய் அடிக்கறார். அடுத்த பந்து, மறுபடியும் நெட்டுல. பல் டாக்டருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "சார், நீங்க போன மாசம் ஆடின ஆள்தானா?"ன்னு கேட்டுட்டார். சம்பந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வயசாகுதில்லீங்களா டாக்டர்"ன்னார். தோத்தாங்க. அதுக்கடுத்த வாரமும் தோத்தாங்க.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆச்சரியம். நான் காதை வெச்சுப் பொழச்சவன்னு சொன்னேனில்லீங்களா. மட்டையில பந்து சரியான இடத்துல பட்டா ஒரு சத்தம் வரும். டப்புனு, முத்தின காயைச் சுண்டின மாதிரி. தப்பாப் பட்டா சொத்தக்காய்ச் சத்தம், சொத்துனு. என் மட்டையில பெரும்பாலும் ரெண்டாவதுதான் வரும், மட்டை சரியில்லை. சம்பந்தி அன்னைக்கு நெட்டுல அடிச்சாரே, அத்தனை பந்தும் டப்பு டப்புனு பட்டுதுங்க. ஒண்ணுகூடச் சொத்தை இல்லை. எல்லாம் ஏ ஒன் காய். விழுந்தது மட்டும் நெட்டுல. சத்தம் அவ்வளவு சுத்தமா இருக்கையில பந்து எப்படிங்க தப்பாப் போகும்? எனக்கு விளங்கலை. வீட்டுல சொன்னேன். சாந்தாமணி காய் நறுக்கிட்டிருந்தவ கத்தியை வெச்சுட்டு என்னையே பாத்தா. "உங்க காதுக்குத் தேங்காய் மட்டும்தான் கேக்குமாட்ட இருக்குது"ன்னா. அவ பேச்சு எப்பவும் இப்படித்தான், மொட்டையா.

அப்புறம் நானே யோசிச்சுக் கண்டுபுடிச்சேன். தோள். தோள்ல வலி இருந்தா சத்தம் வரும், பந்து போகாது. போன் பண்ணி, ஏனுங்க சம்பந்தி, தோள் வலிங்களான்னேன். தோளுங்களான்னு திருப்பிக் கேட்டார். "ஆமாங்க"ன்னார். பாருங்க, நானாக் கேக்காட்டி சொல்லியிருப்பாரா? பொண்ணு கொடுத்த இடத்துல வலின்னு சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு அடக்கி வெச்சிருந்திருக்கார்.

அன்னைக்கே நொச்சி இலை, கற்பூரம், ஓமம் எல்லாம் போட்டு நம்ம களத்துத் தேங்காய் எண்ணெய்ல காச்சிக்கிட்டுச் சோமனூருக்குப் போயிட்டேன். எந்தத் தோள்ங்கன்னு கேட்டேன். யோசிச்சார். இடதுன்னார். அவர் ஆடறது வலது கையில. இடது தோள் வலி வலது கைக்கு இறங்கும்ங்க, மூட்டை தூக்கறவங்களை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். சட்டையைக் கழட்டச் சொல்லி நானே தேச்சு விட்டேன். சம்பந்திக்குச் சம்பந்தி எண்ணெய் தேச்சு விட்டு நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? அவருக்குக் கூச்சம் தாங்கலை. "எதுக்குங்க இதெல்லாம், எதுக்குங்க இதெல்லாம்"னுட்டே இருந்தார். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. கற்பூரம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

ஒரு பாட்டில் கொடுத்துட்டு வந்தேன். நீங்க நம்ப மாட்டீங்க, அந்தப் பாட்டில் தீரறதுக்குள்ள தோள் வலி போயே போச்சு. எப்பப் போச்சுன்னும் சொல்றேன். மூணேகால்ல இருந்து மூணுக்கு இறங்கினார், அப்பவும் வலி இருந்துது. ரெண்டேமுக்காலுக்கு இறங்கினார். அன்னைக்குச் சாயங்காலமே போன். "வலி சுத்தமா நின்னுபோச்சுங்க சம்பந்தி. உங்க எண் இன்னும் ஒண்ணேமுக்கால்தானுங்களே?"ன்னார். ஆமாங்கன்னேன். "அப்ப வித்தியாசம் சரியா ஒண்ணுங்க. ஷைனி மேடத்துக்கிட்டப் பேர் கொடுத்துட்டேன்"னார்.

எண்ணெய் வேலை செஞ்ச நேரமும், எண் சரியா வந்த நேரமும் எப்படிப் பொருந்துது பாருங்க. இதைத்தான் கொடுப்பினைங்கறது. அந்தப் பல் டாக்டர் மட்டும் இன்னும் அவர்கிட்டப் பேசறதில்லையாம். போன வாரம் தாரணி துபாய்ல இருந்து வீடியோவுல வந்து, "அப்பா, பி பிரிவுல ஆடிட்டிருந்தீங்க, ஏன் இறங்குனீங்க"ன்னு கேட்டுதாம். "மேல காத்து ஜாஸ்தி கண்ணு"ன்னு சொன்னாராம். என்ன பேச்சுங்க அது.

இனிப் பயமில்லை. ஜோடியாவே ஆடினா ஏறினாலும் சேந்துதான் ஏறும், இறங்கினாலும் சேந்துதான் இறங்கும், வித்தியாசம் அப்படியே நிக்கும்னு ஷைனி மேடம் சொல்லிருச்சு. இனி வேற யார்கூடவும் மட்டை தொட மாட்டேன்னு சம்பந்தியும் சொல்லிட்டார். இன்னைக்கு சி பிரிவு. மொத ஆட்டம் பத்தரைக்கு. எதிர்ல யார் தெரியுங்களா? அந்த மருந்துக் கடைக்காரர்தான், நகருங்க போதும்னாரே, அவர்.

நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். சம்பந்திக்கு இன்னும் சொல்லலை. வலி போச்சுன்னு அவர் சொல்லலாம், மறுபடி வராதுன்னு என்ன உத்தரவாதம்? தோள் நொந்து எழுந்த மனுசனை நடுப்பந்துக்கெல்லாம் ஓட விட்டுட்டு நான் ஓரமா நின்னு கத்திட்டிருந்தா அது நல்லாவா இருக்கும்? அதனால இன்னைக்கு "எடுங்க"ன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வராது. நடுவுல எது வந்தாலும் நான்தான் அடிக்கறது. கண்ணாடிக்குப் போனாலும் நான், தலைக்கு மேல போனாலும் நான். அவர் சும்மா நின்னாப் போதும். கூட நின்னாப் போதும்.

காலையில கிளம்பும்போது இதைச் சாந்தாமணிகிட்டச் சொன்னேன். உலை வைக்கப் போனவ திரும்பிப் பாத்து, "அப்படின்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேருமே வந்துருவீங்க, சம்பந்திக்கும் சேத்தே அரிசி போடறேன்"னா. முகத்துல என்னைக்கும் இல்லாத சிரிப்பு. எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுது, அவர் வந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.

சூலூர் வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க, பை பெருசு. அதோ, அந்த வேப்பமரத்துக்குக் கீழ நீலச் சட்டை, அவர்தான். பத்தரை ஆட்டத்துக்கு எட்டு மணிக்கே வந்து பஸ் ஸ்டாப்ல நிக்கறார் பாருங்க. என்னைப் பாத்துட்டார். எந்தக் கையைத் தூக்கி ஆட்டறார்னு பாருங்க, இடது கை. காதுக்கு மேல எப்படிப் போகுது. நம்ம எண்ணெய்ங்க.

இருந்தாலும் நடுப்பந்து இன்னைக்கு என்னுதுதான். வரட்டுங்களா?